படம் ஒரு இடத்துல, பத்தி ஒரு இடத்துல

விக்கியில் எழுத ஆரம்பித்த புதுசில் குயில் குடும்பத்துப் பறவைகளைப் பற்றி ஒரு கட்டுரை போட்டேன். குயிலுக்கு மூணு வரி, செண்பகத்துக்கு மூணு வரி, அக்காக்குயிலுக்கு நாலு வரி. ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஒரு படம். படக்குறிப்பு எழுதவில்லை, தலைப்புதான் இருக்கே என்று நினைத்தேன். கைப்பேசியில் பார்த்தேன், எல்லாம் சரியாத்தான் தெரிந்தது.

ஆனால் கணினியில் அதைப் பார்த்த அக்கா மகன், செம்பழுப்பு இறக்கையோட இருக்கிற செண்பகத்தை வரைந்து, கீழே 'அக்காக்குயில்' என்று எழுதிப் பள்ளியில் கொடுத்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. செண்பகம் நிஜமாவே அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில்தான் நின்றது.

காரணம் இதுதான். மீடியாவிக்கியில் படத்துக்கு 'தம்ப்' என்று கொடுத்தால் அது வலது ஓரத்தில் மிதக்கும், எழுத்து அதைச் சுற்றி ஓடும். (இந்தச் சொற்களை நிரலில் நான் ஆங்கிலத்தில்தான் இடுகிறேன்.) மிதக்கும் படத்தின் உயரத்தைப் பத்தி கணக்கில் எடுக்காது. மூணு வரி முடிந்ததும் அடுத்த தலைப்பு வந்துவிடும், படம் பாட்டுக்கு கீழே தொங்கும். அடுத்த படமும் வலது பக்கம்தான் என்றால், முதல் படம் முடிகிற வரைக்கும் அதற்கு இடம் இல்லை. இப்படிப் படத்துக்குப் படம் தள்ளிப் போய், மூணாவது தலைப்புக்கு வரும்போது ஒரு பறவை வித்தியாசம்! கைப்பேசிப் பார்வையில் படம் மிதக்காமல் தனி வரியில் நிற்பதால் எனக்கு இது தெரியவே இல்லை.

ஒன்றை இடது, ஒன்றை வலது என்று மாற்றிப் பார்த்தேன். இரண்டு படத்துக்கும் நடுவில் எழுத்து நசுங்கிப் போச்சு. நம் சொற்கள் நீளம். 'வாழிடங்களிலிருந்து' மாதிரி ஒன்று வந்தால் அந்த வரியில் வேறெதற்கும் இடமில்லை.

சுற்றி ஓடவே வேண்டாம் என்றால் 'நன்' போடலாம், படம் இடப்பக்கம் தனியாக நிற்கும், எழுத்து அதன் கீழே தொடங்கும். 'சென்டர்' போட்டால் நடுவில். சுற்றவும் வேணும், ஆனால் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது என்றால் பகுதியின் முடிவில் 'கிளியர்' வார்ப்புரு. இதுவரை மிதந்த படங்கள் முடிந்த பிறகே அடுத்தது தொடங்கட்டும் என்பதுதான் அதன் வேலை.

அதைக் கண்ட இடத்தில் எல்லாம் போட்டுடாதீங்க. வலப்பக்கம் நீளமான தகவற்பெட்டி இருக்கிற கட்டுரையில் ஒருமுறை போட்டேன். அடுத்த தலைப்பு பெட்டி முடிகிற வரைக்கும் இறங்கிப்போய், நடுவில் ஒரே வெள்ளை. மிதக்கும் படம் இடப்பக்கம் இருந்தால், இடப்பக்கத்தை மட்டும் கவனிக்கச் சொல்லலாம். பெட்டி தொந்தரவு செய்யாது.

பறவைக் கட்டுரையில் முதலில் படக்குறிப்பு எழுதினேன். அப்புறம் ஒவ்வொரு பகுதிக்கும் கிளியர் போட்டுப் பார்த்தால் மூணு வரிக்குக் கீழே பெரிய பள்ளம். உண்மையில் குறைச்சல் எழுத்துதான். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும், செண்பகம் சொந்தமாகக் கூடு கட்டும், இதைக்கூட நான் எழுதியிருக்கவில்லை. அதையெல்லாம் சேர்த்த பிறகு ஒரே ஒரு கிளியர்தான் தேவைப்பட்டது, அக்காக்குயிலுக்கு முன்னால்.