முகமில்லாத உருவப்படம்

'இதுல மனுசன் எங்கய்யா இருக்கான்?' என்று கேட்டார் நண்பர். நான் காட்டியது மார்ஸ்டன் ஹார்ட்லி 1914இல் பெர்லினில் தீட்டிய 'ஒரு ஜெர்மானிய அதிகாரியின் உருவப்படம்' என்ற தைலவண்ண ஓவியத்தின் அச்சுப்பிரதி. மூலம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நண்பர் கேட்டதில் தப்பில்லை. பெயர்தான் உருவப்படம், உருவமும் இல்லை, முகமும் இல்லை. கறுப்புப் பின்புலத்தில் கொடிப் பட்டைகள், இரும்புச் சிலுவைப் பதக்கம், குஞ்சங்கள், சதுரங்கக் கட்டங்கள், சில எழுத்துகள், எண்கள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1877இல் பிறந்த ஹார்ட்லி 1913இல் பெர்லினுக்குப் போய்த் தங்கினார். அங்கே கார்ல் ஃபான் ஃப்ரைபர்க் என்னும் இளம் ராணுவ அதிகாரியை நேசித்தார். போர் மூண்டது. 1914 அக்டோபர் 7 அன்று ஃப்ரைபர்க் களத்தில் செத்துப்போனான். அடுத்த மாதமே இந்த ஓவியம்.

இப்போது திரும்பப் பாருங்கள். 24 என்பது செத்தவனின் வயது. கே, வி, எஃப் என்ற மூன்றும் அவன் பெயரின் முதலெழுத்துகள். 4 அவனுடைய படைப்பிரிவு. கட்டங்கள் அவன் விரும்பி ஆடிய சதுரங்கம். கான்வாஸின் உயரம் சுமார் 173 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஆளுயரம்.

அப்புறம் ஏன் முகத்தை வரையவில்லை? ஆணும் ஆணும் கொள்ளும் உறவை ஜெர்மானியத் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவு குற்றமாக்கியிருந்தது. அது முற்றாக ஒழிந்தது 1994இல்தான். கணவனை இழந்தவள் ஊரறிய அழலாம். ஹார்ட்லிக்கு அந்த உரிமைகூடக் கிடையாது. 1916இல் நியூயார்க்கில், ஸ்டீக்லிட்ஸின் 291 கலைக்கூடத்தில் தன் பெர்லின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது, இவற்றில் மறைபொருள் எதுவுமில்லை என்று அவரே எழுதிக்கொடுத்தார். அமெரிக்காவில் ஜெர்மனி மீதான வெறுப்பு ஏறிக்கொண்டிருந்த நேரம் வேறு.

'தூய வடிவம்' என்று வடிவவாதிகள் இதைக் கொண்டாடலாம். 'மக்களோட பாடு இல்லாத கலை' என்று நம் தோழர்கள் ஒதுக்கலாம். இரண்டு பேருமே ஹார்ட்லியின் மறுப்பை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அந்த மறுப்பை அவரிடமிருந்து வாங்கிய அதிகாரத்தை யாரும் விசாரிப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பெர்லினின் ராணுவ அணிவகுப்புகளில் சொக்கிப்போனவர் ஹார்ட்லி. காதலனைத் தின்ற போரின் பதக்கத்தையும் கொடியையும் கொண்டே அவனுக்கு மாலை கட்டுகிறார். இது எனக்கு உறுத்துகிறது. ஆனால் சொந்தச் சொல் மறுக்கப்பட்டவனுக்கு அரசின் சின்னங்களே அழுகையின் மொழியாகிப்போவதும் அந்த அரசின் வன்முறைதான்.

நண்பர் படத்தை மறுபடி வாங்கி 24ஐத் தேடினார். யாருடைய துக்கத்துக்கு முகம் அனுமதிக்கப்படுகிறது, யாருடைய துக்கம் எண்ணாகச் சுருங்குகிறது? அரூபத்தின் முன்னால் நின்று நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது.