துணிப்பையில் வந்த பறை

47 வயதில் பறை கற்கப் போனேன். இரண்டாம் வாரமே இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

வேப்பமரச் சட்டத்தில் மாட்டுத்தோல் இழுத்து ஒட்டிய பறையைத் தோளில் வாரால் மாட்டி, இடக்கையால் அணைத்துக்கொள்ள வேண்டும். அதே கை விரல்களில் மூங்கிலில் சீவிய நீளமான சிண்டுக்குச்சி. வலக்கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. அடிக்குச்சி கனமாக விழ, சிண்டுக்குச்சி இடையிடையே புகுந்து நிரப்பும். கால் தனியாக அடவு வைக்கும். எனக்கோ காலைக் கவனித்தால் குச்சி நின்றது, குச்சியைக் கவனித்தால் கால் நின்றது.

சொல்லித் தந்தவருக்கு என் மகன் வயது. எல்லாரையும் போல நானும் ஆசான் என்றே கூப்பிட்டேன். "அக்கா, பறையைக் கீழ வைங்க. கால் மட்டும் போடுங்க" என்றார். ஒரு மாதம் வெறும் காலடிதான்.

ஒரு ஞாயிறு முழுக்க சாமிச்சாட்டு என்ற பறையடி வரவேயில்லை. மறுநாள் காலை குச்சியை எடுத்ததும் வந்தது. பகலில் பழகியதை மூளை தூக்கத்தில் படியவைக்கிறது என்று பின்னர் படித்தேன். அதிலிருந்து வராத அடியோடு மல்லுக்கட்டுவதில்லை. அரைமணி நேரம் அடித்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

வீட்டில்தான் சிரமம். "சாவுக்கு அடிக்கிறத வீட்டுக்குள்ள கொண்டாரியே" என்றார் அம்மா. தொல்காப்பியம் திணைகளின் கருப்பொருள் வரிசையில் வைத்த கருவி இது. பின்னாளில் அதை ஒரு சாதியார் தலையில் இழவுக் கடமையாகக் கட்டி, அவர்களையும் இழிவுபடுத்தினோம். பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்த செய்தியை வாசித்துக் காட்டினேன். அம்மா பேசவில்லை. நான் மட்டும் என்ன? பறையை முதன்முதலில் துணிப்பையில் மறைத்துத்தான் பேருந்தில் கொண்டுவந்தேன். மணிக்கட்டு வீக்கம் பத்து நாளில் வடிந்தது. அந்தக் கூச்சம் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ள எட்டு மாதம் ஆனது.

மார்கழியில் ஆளுக்கொரு அடி கட்டிவரச் சொன்னார் ஆசான். எனக்கு நினைவுக்கு வந்தது, அம்மாவும் அத்தையும் எதிரெதிரே நின்று ஒரே உரலில் உலக்கை மாற்றிப் போடும் ஓசை. பனியில் தோல் தொய்ந்திருந்தது. மொட்டைமாடியில் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சி, விண்ணென்று ஆனதும் அடித்துப் பார்த்தேன்.

அம்மா படியேறி வந்து சுவரோரம் நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"உங்க அத்தை கை இவ்வளவு வேகம் இல்லடி" என்றார். "ஒரு மூச்சு விட்டுத்தான் போடுவா. மறுபடி அடி."