அதிகார சபையின் சட்டத்தரணி யாருக்காக வாதாடுகிறார்?

“ரெய்டு வந்தாங்க, கேஸ் போட்டாங்க, ஃபைன் கட்டினோம்.” நமது வர்த்தகர்கள் பலர் இந்தக் கதையை இப்படியே முடித்துவிடுவார்கள். ரெய்டுக்கும் தண்டப் பணத்துக்கும் இடையில் ஒரு கோப்பு இருக்கிறது. அதை வாசித்து “இது நிற்கும், இது நிற்காது” என்று சொல்லவேண்டிய சட்டத்தரணியும் ஒருவர் இருக்கிறார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, மத்திய சுற்றாடல் அதிகார சபை போன்ற ஒழுங்குறுத்தும் நிறுவனங்களுக்காக வழக்குப் பேசும் சிரேஷ்ட சட்டத்தரணியின் தொழில் எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

இந்த வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, அதிகார சபையின் சொந்தச் சட்டப் பிரிவு. மற்றையது, புதுக்கடையிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களம். அங்கே அரச சட்டத்தரணியாகச் சேர்பவர் சிரேஷ்ட அரச சட்டத்தரணி, பிரதிச் சொலிசிட்டர் ஜெனரல் என்று படிப்படியாக உயர்கிறார். 1990களின் நடுப்பகுதியில் அந்தத் திணைக்களத்தின் தலைமைக் கதிரையில், சட்டமா அதிபராக, ஷிப்லி அஸீஸ் இருந்தார் என்பது நமது இளைஞர்கள் அறிய வேண்டிய செய்தி.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருளுக்கு உச்ச விலை குறித்து வர்த்தமானியில் உத்தரவு வருகிறது. அதற்குமேல் விற்றதாக ஒரு கடைமீது முறைப்பாடு. சிறிய வழக்குகளை விசாரணை உத்தியோகத்தர்களே நீதவான் முன் கொண்டுபோவதுண்டு. சிக்கல் என்று வரும்போது கோப்பு சட்டத்தரணியின் மேசைக்கு வருகிறது. அவர் பார்ப்பது சின்னச் சின்ன விஷயங்களை: விற்பனை நடந்த நாளில் அந்த உத்தரவு அமுலில் இருந்ததா? பற்றுச்சீட்டு இருக்கிறதா? கைப்பற்றிய பொருள் ஒழுங்காக முத்திரையிடப்பட்டதா? குற்றஞ்சாட்டப்பட வேண்டியவர் கல்லாவில் நின்ற பையனா, முதலாளியா, கம்பனியா? இவற்றில் ஒன்று பிழைத்தாலும் வழக்கு ஆட்டம் காணும்.

2021ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு இந்த வாசிப்பின் பெறுமதி கூடிவிட்டது. உச்ச விலையை மீறிய தனிநபருக்கு முன்பு 1,000 ரூபா முதல் 10,000 ரூபா வரையே தண்டம். இப்போது முதல் தடவைக்கே 100,000 முதல் 500,000 வரை. கம்பனியென்றால் 500,000 முதல் 50 இலட்சம் வரை. சின்னக் கடைக்காரர் ஒருவருக்கு ஓர் இலட்சம் என்பது ஒரு மாதத்துச் சரக்கு முதலாக இருக்கலாம். கோப்பைச் சரியாக வாசிக்காமல் அனுப்பினால் அந்தக் கடை மூடப்படவும் கூடும்.

இங்கேதான் நியாயத்தின் கேள்வி எழுகிறது. சின்னக் கடைக்காரர் “எதற்கு அலைச்சல்” என்று முதல் தவணையிலேயே குற்றத்தை ஏற்றுக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுவார். பெரிய கம்பனியோ ஜனாதிபதி சட்டத்தரணியை வைத்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுப் போடும்; அதிகார சபையின் உத்தரவுக்கே இடைக்காலத் தடை கேட்கும். அந்த மனுவுக்கு முகங்கொடுப்பதுதான் சிரேஷ்ட சட்டத்தரணியின் கடினமான வேலை. சபைக்கு அந்த அதிகாரம் சட்டத்தில் உண்டா? மறுதரப்புக்குப் பேசச் சந்தர்ப்பம் கொடுத்ததா? முடிவுக்குக் காரணம் எழுதிவைத்ததா? இவற்றுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். இலகுவான வழக்குகளால் எண்ணிக்கை கூடும். சந்தையை மாற்றுவது கடினமான வழக்குகள். சட்டத்தரணியின் நேரம் எதற்குப் போகிறது என்பதில்தான் நீதி நிற்கிறது.

இந்தச் சிக்கல் நமது மரபுக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தி, ‘அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபின் எல்லைகளை விளக்குகிறார். பகிரங்கமாகத் தெரியும் தவறைத் தடுப்பது முஹ்தஸிபின் கடமை. மறைவானதைத் துருவி உளவு பார்ப்பது அவருடைய வேலையல்ல. ஒருவர் மறுத்து, சாட்சி கேட்க வேண்டிய நிலை வந்தால் விடயம் காழியிடம் போய்விடும். பிடிக்கிறவரும் தீர்ப்பளிக்கிறவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்ற எச்சரிக்கை இதில் தெளிவாக இருக்கிறது. இன்றைய அதிகார சபைச் சட்டத்தரணி அந்த இருவருக்கும் இடையிலுள்ள வாசலில் நிற்கிறார். தன் கட்சிக்காரரான சபையிடமே “இதற்குச் சான்று போதாது” என்று சொல்லும் தைரியம் அவருக்கு வேண்டும்.

சபையே பிரதிவாதியாக நிற்கும் நாளும் வரும். சுன்னாகத்தில் அனல் மின் நிலையமொன்றின் எண்ணெய்க் கழிவால் நிலத்தடி நீர் மாசடைந்தது பற்றிய அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் தங்கள் கடமையில் தவறின என்றும் கண்டது. கிணற்று நீரை இழந்த குடும்பங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் அரச தரப்புச் சட்டத்தரணிகள் நின்ற வழக்கு அது. அப்படியான நேரத்தில் கட்சிக்காரரை எப்படியாவது காப்பாற்றுவதா, உண்மையை நீதிமன்றத்தின் முன் வைப்பதா? அரச சட்டத்தரணி பொதுமக்களின் பணத்தில் வாதாடுபவர். அவருடைய முதற் கடமை சட்டத்துக்கே உரியது. பாதகமான ஆவணத்தையும் அவர் மறைக்கலாகாது.

வர்த்தகர்களுக்கு ஒரு சொல்: குற்றப்பத்திரம் கைக்கு வந்தால், விளங்காமல் “ஓம்” சொல்லிவிடாதீர்கள். வடக்கு கிழக்குக்கு வெளியே வழக்குகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி, நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு அரச செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெற உரிமை உண்டு. கேட்டுப் பெறுங்கள்.

சட்டம் படிக்கும் நமது பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: இந்தத் தொழிலில் பெயரும் பணமும் தனியார் வக்கீலுக்குக் கிடைக்குமளவு வராது. ஆனால், போடக்கூடாத வழக்கொன்றைத் தடுத்து நிறுத்தும் பேனா அங்கேதான் இருக்கிறது. அதைப் பிடிக்க நம்மிலும் ஆட்கள் வேண்டும்.