பொம்மைக் காருக்கு எந்த மோட்டார்?

திருப்பூரில் பனியன் துணி பின்னும் எந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 முறை சுழலும். ஊசிகள் செருகிய உருளையோ 24 முறை சுற்றுவதாகக் கொள்வோம். வேகம் அறுபதில் ஒரு பங்காகிறது; உராய்வு இழப்பு நீங்கலாகத் திருப்புவிசை 60 மடங்காகிறது.

ரேடியோ காருக்கும் இதே கணக்குத்தான். மாணவர் ஒருவர் மோட்டார் அச்சிலேயே சக்கரத்தை மாட்டிக்கொண்டு வந்தார். கையில் தூக்கிப் பிடித்தால் விர்ரென்று சுழன்றது. தரையில் வைத்ததும் நின்றது. சற்று நேரத்தில் கருகிய வாடை! ஏன் தெரியுமா? மோட்டார் சுழலும்போது அதனுள் எதிர் மின்னியக்கு விசை தோன்றி மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். நின்றுவிட்டால் சுருளின் சிறு மின்தடை மட்டுமே மிஞ்சும். மின்னோட்டம் உச்சத்துக்கு ஏறிச் சுருளைப் பொசுக்கிவிடும்.

"பெரிய மோட்டார் வாங்கட்டுமா, சார்?" என்றார். வேண்டாம், அது பெரிய பாட்டரி கேட்கும், பாரமும் கூடும். அதே அளவு மோட்டாரே போதும். சுமையோடு 10,000 சுற்று என்றால், மோட்டார் அச்சில் 8 பல், சக்கர அச்சில் 80 பல் வையுங்கள். சக்கரம் 1,000 முறை சுற்றும். அதன் விட்டம் 6 செ.மீ. எனில் கார் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் ஓடும்.

ஐந்து நிமிடம் ஓட்டியபின் மோட்டாரை மெல்லத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடா? சக்கர அச்சில் இன்னும் அதிகப் பற்கள் உள்ள சக்கரத்தை மாட்டுங்கள்.