கேம் கடைகள் காணாமல் போகின்றன... நீங்கள் வாங்கிய கேம் உங்களுடையதுதானா?

கடைசியா நீங்க விளையாடின மூணு கேம்களை மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. அதுல எத்தனை கேமை கடைக்குப் போய், பெட்டியோட கையில வாங்கினீங்க? 'ஒண்ணுகூட இல்லை' என்பதுதான் பலருடைய பதிலாக இருக்கும்.

2025 செப்டம்பர் 4 அன்று 'ஹாலோ நைட்: சில்க்சாங்' வெளியானது. 2019-ல் அறிவிக்கப்பட்டு, ஆறரை வருடம் ரசிகர்களைக் காக்க வைத்த கேம். வெளியான சில நிமிடங்களில் ஸ்டீம், பிளேஸ்டேஷன், நின்டெண்டோ ஆன்லைன் ஸ்டோர்கள் எல்லாம் திணறின. பணம் கட்ட வந்தவர்கள் எரர் மெசேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பன்னிரண்டு வருடம் பின்னால் போவோம். 2013 செப்டம்பர் 17, நள்ளிரவு 12 மணி. 'ஜி.டி.ஏ. 5' வெளியீட்டுக்காக பிரிட்டன் முழுக்க கேம் கடைகள் நடுராத்திரியில் ஷட்டரைத் தூக்கின. ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களுடன் பேசிக்கொண்டு வரிசையில் நின்றது ஒரு கூட்டம்.

வரிசை இன்றும் இருக்கிறது. தெருவிலிருந்து சர்வருக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். நடுவில் இருந்த கடைக்கு என்ன ஆனது?

கடைவீதியில் இரண்டு கடை

பிரிட்டனில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு 'ஹை ஸ்ட்ரீட்' உண்டு. நம்ம ஊர் கடைவீதி மாதிரிதான். வங்கி, மருந்துக்கடை, துணிக்கடை, நடுவில் ஒரு கேம் கடை. 'கேம்' என்ற பெயரிலேயே ஒரு பெரிய சங்கிலி இருந்தது. அதற்குப் போட்டி, 1993-ல் யார்க் நகரில் தொடங்கிய 'கேம்ஸ்டேஷன்'. இவை போதாதென்று ஹெச்.எம்.வி., வுல்வொர்த்ஸ் போன்ற கடைகளிலும் கேம்கள் அடுக்கப்பட்டிருந்தன.

2007-ல் கேம்ஸ்டேஷனை, கேம் நிறுவனம் 74 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. போட்டியாளர் ஒழிந்தார் என்று நினைத்திருக்கலாம். ஆனால், பல ஊர்களில் ஒரே முதலாளியின் இரண்டு கடைகள் ஒரே தெருவில் நிற்கும் நிலை வந்தது. இரண்டுக்கும் தனித்தனி வாடகை, தனித்தனி சம்பளம்!

லாபம் எங்கிருந்து வந்தது?

புது கேம் விற்பதில் கடைக்குப் பெரிய லாபம் கிடையாது. கன்சோல் விற்பதில் இன்னும் குறைவு. உண்மையான வருமானம், நாம் விளையாடி முடித்துக் கொண்டுவந்து கொடுக்கும் பழைய டிஸ்க்கில் இருந்தது. இதைத்தான் 'டிரேட்-இன்' என்பார்கள்.

கணக்கு ரொம்ப எளிது. உதாரணத்துக்கு, 40 பவுண்டு கொடுத்து வாங்கிய கேமை ஒரு மாதத்தில் முடித்துவிடுகிறீர்கள். கடைக்காரர் 20 பவுண்டுக்கு எடுத்துக்கொள்கிறார். அதே டிஸ்க்கை 30-க்கு விற்கிறார். நடுவிலுள்ள 10 பவுண்டு முழுக்க கடைக்குத்தான். கேமை உருவாக்கிய நிறுவனத்துக்கு இதில் ஒரு பைசா பங்கு கிடையாது.

உங்களுக்கும் நஷ்டமில்லை. கிடைத்த 20 பவுண்டை வைத்து அடுத்த கேம் வாங்குவீர்கள். பாக்கெட் மணியை நம்பியிருக்கும் பள்ளி மாணவனுக்கு இந்தச் சுழற்சிதான் எல்லாமே. எரிச்சலில் இருந்தது கேம் கம்பெனிகள் மட்டும்தான்.

2012 மார்ச்சில் நடந்தது

அடி நாலா பக்கமும் விழுந்தது. சூப்பர் மார்க்கெட்டுகள் புது கேம்களை மலிவாக விற்று கூட்டத்தை இழுத்தன. ஆன்லைன் கடைகளுக்கு ஹை ஸ்ட்ரீட் வாடகை கிடையாது. 2008 பொருளாதார நெருக்கடியில் வுல்வொர்த்ஸ் திவாலாகி, 2009 ஜனவரியில் கடைசிக் கடையையும் மூடியது. வேலை இழந்தவர்கள் சுமார் 27,000 பேர்.

அடுத்தது கேம். கடன் ஏறிப்போனதால் சப்ளையர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. 2012 மார்ச்சில் அந்த மாதத்தின் பெரிய வெளியீடான 'மாஸ் எஃபெக்ட் 3' கேம் கடைகளில் கிடைக்கவில்லை. கேம் கடையில் புது கேம் இல்லையென்றால் யார் வருவார்கள்?

இங்கிலாந்தில் கடை வாடகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே கட்டும் வழக்கம் உண்டு. அதில் ஒரு கெடு மார்ச் 25. மறுநாள், மார்ச் 26 அன்று, நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போனது. அன்றே 277 கடைகள் மூடப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். மிச்சமிருந்ததை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. விலை? ஒரே ஒரு பவுண்டு. கடன்சுமை தனி!

அதன் பிறகும் 'கேம்' என்ற பெயர் உயிரோடு இருந்தது. 2019-ல் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் குழுமம் அதை வாங்க, பல கேம் கடைகள் விளையாட்டுப் பொருள் கடைக்குள் ஒரு மூலையாகச் சுருங்கின. 2024 தொடக்கத்தில், தன்னை வளர்த்துவிட்ட டிரேட்-இன் முறையையே அந்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது.

ஜெயித்த சண்டையை நாமே விட்டுக்கொடுத்தோம்

2013-ல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிமுகப்படுத்தியபோது பழைய கேம்களை விற்பதற்கும் நண்பருக்குக் கொடுப்பதற்கும் கட்டுப்பாடுகள் வரும் என்றது. ரசிகர்கள் கொதித்தார்கள். சோனி சும்மா இருக்குமா? 'எங்கள் கேமைப் பகிர்வது எப்படி?' என்று ஒரு குட்டி வீடியோ விட்டது. ஒருவர் இன்னொருவர் கையில் டிஸ்க்கைக் கொடுப்பார், அவ்வளவுதான் வீடியோ! சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

அன்று போராடிக் காப்பாற்றிய உரிமையை, அடுத்த பத்து வருடங்களில் யாரும் கேட்காமலேயே நாம் கொடுத்துவிட்டோம். டவுன்லோடு சுலபம் இல்லையா? 2020-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ஸில் டிஸ்க் போடும் இடமே இல்லை. 2024-ல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிஸ்க் டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2023-ல் 'ஆலன் வேக் 2' வெளியானபோது டிஸ்க்கே கிடையாது. சுமார் ஒரு வருடம் கழித்துத்தான் பெட்டியில் வந்தது.

நியாயமாகச் சொன்னால், இதில் லாபமும் இருக்கிறது. 2024-ல் ஒருவரே உருவாக்கி உலகம் முழுக்க விளையாடப்பட்ட சீட்டுக்கட்டு கேமான 'பலாட்ரோ' மாதிரியானவை, பழைய காலத்தில் கடை அலமாரிக்கு வந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆன்லைன் ஸ்டோரில் அலமாரிக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் கேம் கடையே இல்லாத ஊர்க்காரருக்கும் அதே நாளில், அதே கேம்.

வாங்கியது பொருளா, அனுமதியா?

டவுன்லோடு செய்த கேமை நீங்கள் 'வாங்குவதில்லை'. விளையாடுவதற்கான உரிமம் மட்டுமே வாங்குகிறீர்கள். அதை விற்க முடியாது, தம்பிக்குக் கொடுக்க முடியாது. கடை மூடினால் கேள்வி கேட்கவும் முடியாது.

2014-ல் யூபிசாஃப்ட் வெளியிட்ட கார் ரேஸ் கேம் 'தி க்ரூ'. தனியாக விளையாடினாலும் இன்டர்நெட் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்தவர்கள் யாராலும் அதன்பிறகு விளையாட முடியவில்லை. கவனியுங்க, டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் முடியவில்லை. 2025-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-வின் சில கார்டுகளிலும் கேம் இருக்காது. டவுன்லோடு செய்வதற்கான சாவி மட்டுமே இருக்கும். ஆக, பெட்டி கையில் இருந்தால் மட்டும் போதாது.

'தி க்ரூ' மூடப்பட்ட கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியனுக்கான அதன் மனு 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலோ, 2025 முதல் 'வாங்கு' என்று பட்டன் வைத்தால், அது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

நாம் நிபந்தனைகளைப் படிக்கவே மாட்டோம் என்பதற்கும் ஒரு கேம் கடைதான் சாட்சி. 2010 ஏப்ரல் 1 அன்று கேம்ஸ்டேஷன், தன் இணையதள நிபந்தனைகளில் 'உங்கள் ஆன்மாவை எங்களுக்குத் தருகிறீர்கள்' என்று ஒரு வரியைச் செருகியது. கவனித்து மறுத்தவர்களுக்கு 5 பவுண்டு கூப்பன். பெரும்பாலானோர் படிக்காமலேயே 'சம்மதம்' கொடுத்துவிட்டார்கள்!

நீங்கள் என்ன செய்யலாம்?

* 'ஆன்லைனில் மட்டுமே இயங்கும்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது வாடகை வீடு என்று நினைத்தே காசு கொடுங்கள்.

* ஒரே தடவை விளையாடி முடிக்கும் கதை கேம்களை டிஸ்க்காக வாங்கினால், பிறகு விற்கலாம். கன்சோல் வாங்கும்போதே டிஸ்க் டிரைவ் உள்ளதை வாங்குவது நல்லது.

* கம்ப்யூட்டரில் விளையாடுபவர்கள், 'ஜி.ஓ.ஜி.' ஸ்டோரில் கிடைக்கும் கேமின் இன்ஸ்டாலரைத் தனி ஹார்டு டிஸ்க்கில் சேமித்து வைக்கலாம். பிறகு கடையின் அனுமதி இல்லாமலேயே அதை நிறுவலாம்.

* செகண்ட் ஹேண்ட் கடைகளை மறக்காதீர்கள். 1992-ல் லண்டனில் தொடங்கிய 'செக்ஸ்' (ஸி.இ.எக்ஸ்.) கடை, பழைய கேம், போன், படம் என எல்லாவற்றையும் வாங்கி விற்றே தாக்குப்பிடித்தது. இந்தியாவிலும் கிளைகள் இருக்கின்றன.

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவிகிதம் இன்று விற்பனையிலேயே இல்லை. அவற்றை விளையாட நினைப்பவருக்கு உள்ள நேர்மையான வழிகளில் முக்கியமானது, யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருந்த பழைய டிஸ்க்கோ கேசட்டோதான். உங்க வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது ஒரு பெட்டி கிடந்தால், எடைக்குப் போட்டுடாதீங்க!