வண்டியோடு புல்மலைக்கு: ராவுக்கு எங்கே தங்குவது என்பதே முதல் கேள்வி

அண்டா, அடுப்பு, அரிசி, ஜமுக்காளம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புவது ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. திருச்செந்தூருக்கும் பழனிக்கும் அப்படித்தான் போகிறோம். வழியில் ஒரு மரத்தடி, ஒரு பம்புசெட், அங்கேயே சமையல். அதே முறையில் மலைப் புல்வெளிக்கும் போய்வரலாம் என்று நினைப்பது இயல்பு. போகலாம். ஆனால் கோயில் பயணத்துக்கும் இதற்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் உண்டு. கோயிலுக்குப் போனால் எங்கு வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திப் படுக்கலாம். புல்மலையில், அதிலும் தேசியப் பூங்காவில், அது முடியாது. அதனால் எந்த இடங்களைப் பார்ப்பது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

நம்மிடமிருந்து எட்டும் தூரத்தில் உள்ள பெரிய புல்மலை, மூணாறை அடுத்த எரவிகுளம் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர். 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவானது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இதற்குள்தான் நிற்கிறது. மேடெல்லாம் மரமில்லாத புல். நீர் தேங்கும் மடிப்புகளில் மட்டும் குட்டையான சோலைக்காடு. மழைநீரைப் பிடித்து வைத்துக் கோடையிலும் கசியவிடுவது இந்த அமைப்புதான். நம் மாநில விலங்கான வரையாடு அதிகமாக வாழும் இடங்களில் இதுவும் ஒன்று. நம் ஊருக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளிலும் வரையாடு உண்டு. ஆனால் அங்கே அதைப் பார்ப்பது அரிது. எரவிகுளத்தின் ராஜமலையில் பாதையோரத்திலேயே மேயும்.

அந்த ராஜமலைக்கு உங்கள் வண்டி ஏறாது. நுழைவாயிலில் விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் போக வேண்டும். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். உள்ளே அடுப்பு மூட்டவோ வண்டியில் படுக்கவோ பேச்சே இல்லை. இதைக் கெடுபிடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தின் டார்ட்மூர் புல்வெளியிலும் இதே கதைதான். அங்கே நடந்து வருகிறவர்கள் கூடாரமடித்துத் தங்கும் உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உறுதிசெய்தது. ஆனால் வண்டிக்குள் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

ஆகவே வண்டி நிற்பது பூங்காவுக்கு வெளியேதான். இதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, படுக்கை, கழிப்பறை, சமையல் மேடை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறந்தது. பூங்கா என்றால் வண்டி நிறுத்த இடம், தண்ணீர், கரண்ட், கழிவுநீர் வெளியேற வழி, காவல். வாகமண் தேசியப் பூங்கா இல்லை. ஆனால் மொட்டைக் குன்றுகளும் புல்லும் மூடுபனியுமாக அதே சாயலில் இருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு வாகமண்ணைத்தான் நான் சொல்வேன். கிளம்பும் முன் அந்தப் பூங்காவுக்கே பேசி, இடம் உண்டா, எவ்வளவு உயர வண்டி நுழையும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நமக்குப் பழக்கமான டெம்போ டிராவலர். அதில் எல்லோரும் கால் நீட்டிப் படுக்க முடியாது. வண்டி நிறுத்தவும் சமைக்கவும் இடம் தரும் ஒரு தங்கும் விடுதியைப் பேசிவிட்டு, பெரியவர்களுக்கு அறை, பிள்ளைகளுக்கு வண்டி என்று பிரித்துக்கொண்டால் போதும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வாடகை வண்டி மஞ்சள் போர்டாக இருக்க வேண்டும், கேரளாவுக்கான பர்மிட் கட்டியிருக்க வேண்டும். தெரிந்தவருடைய வெள்ளை போர்டு வேனை வாடகைக்குப் பிடித்தால், விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். சொந்த வேனில் சீட்டைக் கழற்றிக் கட்டில் அடிப்பதற்கும் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும்.

பாதைக்கு வருவோம். ராஜபாளையம், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு. 200 கிலோமீட்டரைத் தாண்டும். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதை வெளிச்சத்திலேயே ஏறி முடிக்கும்படி விடியலில் கிளம்புங்கள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதுதான் மலைச்சாலை விதி. வாகமண் என்றால் தேனியிலிருந்து கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம், ஏலப்பாறை. கார்த்திகை, மார்கழியில் இந்தப் பக்கம் சபரிமலைக் கூட்டம் நெரியும். கம்பத்திலிருந்து வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள், நேரம் கூடும்.

எந்த மாதம்? பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும். அந்தக் காலத்தில் எரவிகுளம் வழக்கமாகப் பார்வையாளர்களுக்கு மூடப்படும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தேவிகுளம் பக்கம் மண் சரிந்து சாலை அடைபடுவது உண்டு, காலில் அட்டை ஏறும். ஐப்பசியில் நம் பக்க மழை தொடங்கிவிடும். பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு வரும் ஜனவரிக் கடைசி நல்ல நேரம். குளிர் கடுமையாக இருக்கும், வானம் தெளிவாக இருக்கும். பிள்ளைகளின் முழுப்பரீட்சை முடிந்த ஏப்ரலும் நல்லதுதான், குட்டிகளோடு வரையாட்டுக் கூட்டத்தைப் பார்க்கலாம். நீலக்குறிஞ்சிக்காகப் போக நினைத்தால் பொறுத்திருக்க வேண்டும். அது 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018-ல் பூத்தது, அடுத்தது 2030.

கோடையில் புல்மலைக்கு உள்ள பெரிய ஆபத்து தீ. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போடிமெட்டு ஏறும் நாம் அந்த மலைகளை ஒட்டித்தான் போகிறோம். விறகடுப்பு வேண்டாம், எரியும் பீடித்துண்டைக்கூட வெளியே வீசக்கூடாது.

வண்டிக்குள் கேஸ் அடுப்பு பற்றவைப்பதும் கூடவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26-ல் மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி ஏற்றிய சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, வண்டியின் தரையில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். சமையலை இறங்கி, திறந்தவெளியில், அனுமதி உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்காகக் கரிச்சட்டியை வண்டிக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும். கூடுதலாக இரண்டு கம்பளி எடுத்துப் போவது மேல். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் சோறு வேகத் தாமதமாகும். அண்டாவைவிடக் குக்கர்தான் அங்கே உதவும்.

யானையை மறந்து மூணாறுப் பயணத்தைத் திட்டமிடக்கூடாது. அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த அரிக்கொம்பன் சுற்றிய சின்னக்கானல், பூப்பாறைக்கு அருகில்தான் இருக்கிறது. 2023-ல் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட, அது கம்பத்துக்குள் வந்து, கடைசியில் நம் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த ஒரு யானை போய்விட்டது, மற்றவை அங்கேயேதான் இருக்கின்றன. அரிசி, உப்பு, பழம், முக்கியமாகப் பலாப்பழம் வண்டியில் இருக்க, அந்த வண்டியைச் சாலையோரம் நிறுத்தித் தூங்குவது யானையைக் கூப்பிடுவதுதான். சுற்றுவேலியும் காவலும் உள்ள இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். பாத்திரம் கழுவிய எச்சிலைப் பக்கத்தில் கொட்டாதீர்கள். ஓடையிலும் கொட்டக்கூடாது. அங்கே தண்ணீர் எடுக்கிற தோட்டத் தொழிலாளர் லயங்கள் கீழே இருக்கின்றன.

திரும்பும்போது ஓட்டுநரை அவசரப்படுத்த வேண்டாம். ஆளும் சாமானுமாகக் கனத்த வண்டி போடிமெட்டு இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்குவதுதான் பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்லும் கணக்கு. வண்டியை என்ஜினே இழுத்துப் பிடிக்கும். கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ஆற அரை மணி நேரமாவது விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.