பழைய கணிப்பொறியும் பங்குப் பதிவேடும்

மணமக்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களையும், திருமணம் நடந்த நாளையும் இடத்தையும் பங்குக்குரு ஓர் ஏட்டில் எழுதிக் காக்க வேண்டும் என்று 1563-ஆம் ஆண்டிலேயே திரிதெந்தீன் பொதுச்சங்கம் விதித்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றிற்கான ஏடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும் என்கிறது. இவ்வேடுகளுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு, அவற்றைத் தேட உதவும் கருவிகளுக்கும் உண்டா? அண்மையில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி இக்கேள்வியை நம்முள் எழுப்பியது.

ஒரு சிற்றூர்ப் பங்கு அலுவலகம். திங்கட்கிழமை காலை, தந்தை ஒருவர் வந்து நின்றார். மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வரும் ஞாயிறு முதல் ஓலை வாசிக்க வேண்டும். திருமுழுக்குச் சான்று தேவை. குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது அவர் வெளிநாட்டில் வேலையில் இருந்தாராம். நாளை அறிந்திருந்த மனைவியோ இறைவனடி சேர்ந்துவிட்டார். இத்தகையோருக்கென்றே அப்பங்கின் ஓய்வுபெற்ற உபதேசியார், பழைய ஏடுகளிலிருந்த பெயர்களையெல்லாம் பல ஆண்டுகள் உழைத்து அகர வரிசைப்படுத்திக் கணிப்பொறியில் ஏற்றியிருந்தார். பெயரைத் தட்டினால் எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஆனால் அன்று அது திறக்கவில்லை. முந்தின வாரம் அலுவலகத்திற்குப் புதிய கணிப்பொறி ஒன்று வந்திருந்தது. உபதேசியாரின் அட்டவணையோ மூலையிலிருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணிப்பொறியில் இருந்தது. அதன் திரையும் மங்கிப்போனதால், மற்றக் கணிப்பொறியிலிருந்தே வலையமைப்பு வழியாக அட்டவணையைப் பார்த்து வந்தனர். இப்போது பழையது புதியதை எட்டவில்லை. புதியதும் பழையதை எட்டவில்லை. பழுது பார்க்க வந்தவர், “இதற்குக் காலம் முடிந்துவிட்டது, சாமி. பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்” என்று கூறிப் போய்விட்டார். உபதேசியார் வாய் திறக்கவில்லை. அவருடைய உழைப்பு முழுவதும் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தது. வேறு படி கிடையாது.

பங்குத்தந்தை கேட்டுக்கொண்டதால் நாம் அதைப் பார்க்க அமர்ந்தோம். இத்தகைய வேளைகளில் வரிசை தவறாமல் சோதிப்பதே நல்லது. முதலாவது, கேபிள். அது செருகப்பட்ட இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா? எரிந்தது. எரியாவிடில் வேறு கேபிளையும் வேறு துளையையும் மாற்றிப் பார்க்க வேண்டும். எலி கடித்த கேபிளுக்காகக் கணிப்பொறியைக் குறை கூறுவோர் பலர்.

இரண்டாவது, முகவரி. கறுப்புத் திரையைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டினால் கணிப்பொறியின் எண் முகவரி தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணிப்பொறி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். இங்கே 192.168 என்று தொடங்கும் முறையான முகவரியே இருந்தது; புதிய கணிப்பொறியின் முகவரியும் அதே வரிசையில் அமைந்திருந்தது.

மூன்றாவது, ‘பிங்’ என்னும் கட்டளை. கதவைத் தட்டி, “இருக்கிறீர்களா?” என்று கேட்பது போன்றது இது. ரூட்டர் நான்கு முறையும் விடை தந்தது. புதிய கணிப்பொறி முதலில் மௌனம் சாதித்தது. அவ்வலையமைப்பைப் பொது இடத்தது என்று கருதிக் கதவடைத்திருந்தது. தனியிடம் என்று மாற்றியதும் அதுவும் விடை தந்தது. ஆகவே பாதையில் குறை இல்லை. ஆயினும் கோப்புறை திறக்கவில்லை.

அப்படியானால் குறை எங்கே? பாபேலில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்திருந்தது! கணிப்பொறிகள் கோப்புகளைப் பகிர எஸ்.எம்.பி. என்னும் மொழியைப் பயன்படுத்துகின்றன. விண்டோஸ் எக்ஸ்பி அறிந்தது அதன் முதற் பதிப்பை மட்டுமே. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், அப்பதிப்பிலிருந்த ஓட்டையின் வழியாக ‘வானாக்ரை’ என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அதன்பின் வந்த விண்டோஸ் பதிப்புகளிலிருந்து அப்பழைய மொழி படிப்படியாக விலக்கப்பட்டது. முன்பு இவ்வலுவலகத்திலிருந்த விண்டோஸ் 7 கணிப்பொறி இரு மொழிகளையும் அறிந்திருந்ததால் இடையில் நின்று பேசிற்று. அது போனதும் உறவு அறுந்தது. பழையது பழுதாகவில்லை, அதன் மொழியை அறிந்தவர் அங்கு இல்லை, அவ்வளவே.

“புதியதில் பழைய மொழியைச் சேர்த்துவிட்டால் என்ன?” என்று பங்குத்தந்தை கேட்டார். சேர்க்க முடியும். ஆனால் பங்கின் கணக்குகளும் மக்களின் விவரங்களும் உள்ள கணிப்பொறியில், திருடன் நுழைந்த கதவையே மீண்டும் திறந்து வைப்பதாகும் அது. எக்ஸ்பிக்கு வழங்கப்பட்டு வந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளுடன் நின்றுவிட்டன. எனவே வேறு வழி சொன்னோம். பழைய கணிப்பொறியை வலையமைப்பிலிருந்து கழற்றினோம். அட்டவணையைப் பென் டிரைவில் எடுத்தோம். புதியதில் திறக்குமுன் வைரஸ் சோதனை செய்தோம். பின்பு இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை அலுவலகத்திலும் மற்றொன்றை ஆயர் இல்லத்திலும் வைக்க ஏற்பாடாயிற்று.

புதிய திரையில் அந்தப் பெண்ணின் பெயரைத் தட்டியவர் உபதேசியாரே. ஏட்டின் எண்ணும் பக்கமும் தெரிந்தன. பீரோவிலிருந்து ஏட்டை எடுத்து அப்பக்கத்தை விரித்தார். தன் மனைவியின் பெயர் மையில் எழுதப்பட்டிருந்த வரியின்மேல் விரலை வைத்தபடி அந்தத் தந்தை சிறிது நேரம் நின்றார். “உபதேசியாரே, நீங்கள் நன்றாயிருக்க வேண்டும்” என்பதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

அன்பர்களே, உங்கள் பங்கிலும் இவ்வாறு யாரோ ஒருவரின் நெடுநாள் உழைப்பு ஒரே ஒரு பழைய பெட்டிக்குள் அடைந்து கிடக்கலாம். அது நின்றுபோகும் நாள்வரை காத்திராமல் இன்றே படியெடுத்து வையுங்கள். ‘பழையது, பயனற்றது’ என்று தீர்ப்பிடுமுன் குறை எங்கே என்று வரிசையாகத் தேடுங்கள். நம் இல்லங்களில் மூலையில் அமர்ந்திருக்கும் முதியோரைப் பற்றியும் இதையே சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் பேச்சு நமக்கு எட்டவில்லையென்றால், குறை எப்போதும் அவர்களிடந்தான் இருக்கிறது என்பதற்கில்லை.